இழை கண்ட அறிஞர் வாலஸ் கரோதர்ஸ்

நுழையும்முன்

பருத்தி, கம்பளி, பட்டு, சணல் என இயற்கை ஈந்த இழைகளைக் கொண்டே மாந்தர் நெடுங்காலம் ஆடை நெய்தனர், கயிறு திரித்தனர், வலை பின்னினர். செடியோ விலங்கோ தாராத ஓர் இழையை எளிய வேதிப்பொருள்களிலிருந்து படைத்துக் காட்டியவர் அமெரிக்க வேதியியலறிஞர் வாலஸ் கரோதர்ஸ். ஓர் இழை எதனால் வலிமை பெறுகிறது என்னும் வினாவுக்கு அவர் கண்ட விடை, இன்று கார்பன் நானோகுழாய்களைக் கொண்டு இழைகளை வலுவூட்டும் ஆய்வுவரை தொடர்கிறது. நாற்பத்தோர் ஆண்டுகளே வாழ்ந்த அவ்வறிஞரின் வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் உள்ள பர்லிங்டன் என்னும் ஊரில் 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் வாலஸ் ஹியூம் கரோதர்ஸ் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த மக்கள் நால்வருள் இவரே மூத்தவர். தந்தையார் ஐரா கரோதர்ஸ், டி மாய்ன் நகரில் இருந்த வணிகக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிப் பின்னர் அதன் துணைத்தலைவராக உயர்ந்தவர். 1914ஆம் ஆண்டில் பள்ளிப் படிப்பை முடித்த வாலஸ், தந்தையார் பணியாற்றிய கல்லூரியிலேயே சேர்ந்து கணக்குப் பதிவியலும் செயலர் பணிக்குரிய பயிற்சியும் பெற்றார். ஆயினும் அவருடைய நாட்டம் அறிவியலின்பால் இருந்தது.

1915ஆம் ஆண்டில் மிசௌரி மாநிலத்து டார்கியோ கல்லூரியில் அவர் சேர்ந்தார். முன்னர்க் கற்ற வணிகக் கல்வி அங்கே கைகொடுத்தது. வணிகப் பாடப்பிரிவில் துணைப்பணி செய்துகொண்டே அவர் அறிவியல் பயின்றார். வேதியியல் துறைத் தலைவர் ஆர்தர் பார்டி, அம்மாணவரின் ஆற்றலைக் கண்டுகொண்டு ஊக்கமளித்தார். பார்டி வேறொரு பல்கலைக்கழகத்துக்குச் சென்றபோது, முதல் உலகப்போர்க் காலமாதலால், அவரிடத்தை நிரப்பத் தக்க ஆசிரியர் கிடைக்கவில்லை. பட்டம் பெறாத மாணவராகிய கரோதர்ஸே உடன் பயில்வோருக்கு வேதியியல் கற்பிக்கும் பொறுப்பை ஏற்றார். மாணவர் ஒருவர் தம் தோழர்களுக்கே ஆசிரியராகும் அருஞ்செயல் இவ்வாறு நிகழ்ந்தது.

1920ஆம் ஆண்டில் இளநிலைப் பட்டமும், மறு ஆண்டில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் பட்டமும் பெற்றார். தம் பழைய ஆசிரியர் பார்டியின் அழைப்பை ஏற்றுத் தெற்கு டகோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஓராண்டு கற்பித்தபின் மீண்டும் இல்லினாய் திரும்பி, ரோஜர் ஆடம்ஸ் என்னும் பேராசிரியரின் வழிகாட்டுதலில் 1924ஆம் ஆண்டு முனைவர் பட்டம் பெற்றார். ஈராண்டு அங்கேயே பயிற்றுநராகப் பணியாற்றி, 1926ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். இசையிலும் இலக்கியத்திலும் தோய்ந்த உள்ளமும் அடக்கமும் கொண்டவர் அவர். வகுப்பறையில் நின்று பேசுவதைக் காட்டிலும் ஆய்வுக்கூடத்தின் அமைதியே அவருக்கு உவப்பளித்தது.

விடை காணா வினா

கரோதர்ஸின் பணியை உணர வேண்டுமாயின், அந்நாளில் வேதியியல் உலகைப் பிரித்து வைத்திருந்த ஒரு வினாவை நாம் அறிதல் வேண்டும். பட்டு, பருத்தி, ரப்பர் ஆகியவை நீள்கின்றன; வளைகின்றன; இழுவிசையைத் தாங்குகின்றன. சர்க்கரைக்கும் உப்புக்கும் இல்லாத இப்பண்புகள் இவற்றுக்கு எவ்வாறு வந்தன?

இவை சிறு மூலக்கூறுகளின் திரளே என்று வேதியியலறிஞர் பலர் அக்காலத்தில் கருதினர். ஏதோ ஒரு தனி விசை அச்சிறு மூலக்கூறுகளை ஒட்டி வைத்திருக்கிறது என்பது அவர்கள் கொள்கை. ஜெர்மனி நாட்டு அறிஞர் ஹெர்மான் ஸ்டாடிங்கர் இதனை மறுத்தார். ஆயிரக்கணக்கான அணுக்கள் வழக்கமான வேதிப்பிணைப்புகளாலேயே ஒன்றோடொன்று கோக்கப்பட்டு நீண்ட சங்கிலியாக அமைந்தவையே இப்பொருள்கள் என்று 1920ஆம் ஆண்டில் அவர் உரைத்தார். அவ்வளவு பெரிய மூலக்கூறு இருக்கவியலாது எனக் கூறி, மூத்த அறிஞர் பலர் அவர் கருத்தை ஏற்க மறுத்தனர். ஸ்டாடிங்கரின் கொள்கையே இறுதியில் நிலைபெற்று, 1953ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் 1920களில் வழக்கு முடிவுறாமலே இருந்தது.

பலபடி எனவும் பாலிமர் எனவும் நாம் இன்று வழங்கும் பொருள்களைப் பற்றிய அவ்வழக்கைத் தீர்க்கும் சான்றை அளித்தவர்களுள் தலையாயவர் கரோதர்ஸ்.

வில்மிங்டன் ஆய்வுக்கூடம்

டெலவேர் மாநிலத்து வில்மிங்டன் நகரில் இயங்கிய டூபான்ட் நிறுவனம் வெடிமருந்துத் தொழிலில் தொடங்கி வேதிப்பொருள் தொழிலில் வளர்ந்தது. அதன் வேதியியல் துறை இயக்குநர் சார்லஸ் ஸ்டைன், உடனடி விற்பனையைக் கருதாது அடிப்படை அறிவைத் தேடும் ஆய்வுக்கென ஒரு குழுவை அமைக்க விரும்பினார். தொழில் நிறுவனங்களில் அத்தகைய முயற்சி அந்நாளில் அரிது. கரிம வேதியியல் பிரிவுக்குத் தலைமை ஏற்குமாறு அவர் கரோதர்ஸை அழைத்தார்.

கரோதர்ஸ் முதலில் மறுத்தார். இளமை முதலே அவ்வப்போது தம்மை ஆட்கொள்ளும் மனச்சோர்வு, தொழில் நிறுவனத்தில் பெருந்தடையாகக் கூடும் என அஞ்சினார். அவ்வச்சத்தை நிறுவனத்தாருக்கு மறைக்காமல் எழுதியும் தெரிவித்தார். நிறுவனமோ அழைப்பைக் கைவிடவில்லை. விரும்பிய ஆய்வைத் தடையின்றிச் செய்யலாம் என்னும் உறுதி அவரை ஈர்த்தது. 1928ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் வில்மிங்டனில் பணியேற்றார். அப்போது அவருக்கு அகவை 31.

சங்கிலியைக் கோத்த முறை

இயற்கையில் கிடைக்கும் பொருள்களின் பண்புகளை ஆராய்ந்து அவற்றின் அமைப்பை உய்த்துணர முயன்றோர் பலர். கரோதர்ஸ் வேறொரு வழியைத் தேர்ந்தார். அமைப்பு நன்கறியப்பட்ட சிறு மூலக்கூறுகளை எடுத்து, விளைவு நன்கறியப்பட்ட வினைகளால் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துச் சென்றால், கிடைக்கும் நெடுஞ்சங்கிலியின் அமைப்பில் எவருக்கும் ஐயம் எழாது என்பது அவர் துணிபு.

கரிம அமிலம் ஒன்று ஆல்கஹாலோடு வினைபுரிந்தால் எஸ்டர் உண்டாகும், நீர் வெளியேறும். இது வேதியியல் மாணவர் எவரும் அறிந்த வினை. ஒரு கை மட்டுமே உடைய இருவர் கைகோத்தால் வரிசை அவ்விருவரோடு முடிந்துவிடும். இரு கைகளும் உடையோர் நின்று இருபுறமும் கைகோத்தால் வரிசை நீண்டுகொண்டே செல்லும் அன்றோ? அதுபோல, இருமுனைகளிலும் வினைத்தொகுதி கொண்ட அமிலத்தையும் ஆல்கஹாலையும் அவர் வினைபுரியச் செய்தார். எஸ்டர் இணைப்புகள் வரிசையாக அமைந்து பாலியெஸ்டர்ச் சங்கிலி உருவாயிற்று. நீர் போன்ற சிறு மூலக்கூறு வெளியேறச் சங்கிலி வளர்வது ஒரு வகை. எதுவும் வெளியேறாமல் மூலக்கூறுகள் நேரே சேர்ந்து வளர்வது மற்றொரு வகை. குறுக்கப் பலபடி எனவும் சேர்ப்புப் பலபடி எனவும் நாம் இன்றும் வேதியியல் பாடத்தில் கற்கும் இப்பாகுபாட்டை 1929ஆம் ஆண்டில் வகுத்தவர் அவரே.

எமில் ஃபிஷர் என்னும் ஜெர்மானிய அறிஞர் முன்னர் உருவாக்கிய பெரிய மூலக்கூறின் எடை ஏறத்தாழ 4,200. அதனைக் கடக்க வேண்டும் என்பது கரோதர்ஸின் இலக்கு. அவர் குழுவினர் அதைக் கடந்தனர். ஆனால் 6,000 என்னும் அளவை எட்டியதும் சங்கிலி வளர்ச்சி நின்றுவிட்டது. காரணம் என்ன? வெளியேற வேண்டிய நீர், கலவையிலேயே தங்கி, சேர்ந்த எஸ்டரை மீண்டும் பிரித்துக்கொண்டிருந்தது. கோப்பதும் அறுப்பதும் சமமாகிவிட்ட நிலை அது.

காரணம் தெளிந்தபின் வழியும் பிறந்தது. மிகுந்த வெற்றிடத்தில் இயங்கும் மூலக்கூறு வடிகலன் என்னும் கருவியில் கலவையை வைத்து, உண்டாகும் நீரை அப்போதைக்கப்போதே அகற்றினர். அறுப்பதற்கு நீர் இல்லாமையால் சங்கிலி வளர்ந்தது. 12,000-க்கும் மேற்பட்ட மூலக்கூறு எடை கொண்ட பாலியெஸ்டர் கிடைத்தது. பெருமூலக்கூறு என்பது கற்பனையன்று. சிறு மூலக்கூறுகளைப் பிணைக்கும் அதே வேதிப்பிணைப்புகளால் ஆனதே என்பது ஆய்வுக்கூடத்தில் உறுதியாயிற்று.

1930ஆம் ஆண்டின் ஏப்ரல்

அவ்வாண்டின் ஏப்ரல் திங்கள் கரோதர்ஸ் குழுவுக்கு இரட்டை வெற்றியைத் தந்தது. குழுவைச் சேர்ந்த ஆர்னால்டு காலின்ஸ், அசிட்டிலீன் வழிப்பொருள்களை ஆராய்ந்தபோது குளோரோபிரீன் என்னும் நீர்மத்தைப் பிரித்தெடுத்தார். அது தானே இறுகி ரப்பர் போன்ற பொருளாக மாறியது. எண்ணெய் பட்டாலும் எளிதில் கெடாத அச்செயற்கை ரப்பரே பின்னர் நியோபிரீன் எனப் பெயர் பெற்றது.

அடுத்த சில நாள்களில் ஜூலியன் ஹில் என்னும் ஆய்வாளர், வடிகலனில் உருவான பாலியெஸ்டரின் உருகிய குழம்பைக் கண்ணாடிக் கோலால் தொட்டு இழுத்தார். மெல்லிய இழை ஒன்று நீண்டு வந்தது. முதலில் எளிதில் முறியும் இயல்புடையதாக இருந்த அவ்விழை, குளிர்ந்தபின் மீண்டும் இழுக்கப்பட்டபோது வியத்தகு மாற்றம் அடைந்தது. பல மடங்கு நீண்டு மெலிந்து, பட்டுப்போல் பளபளப்பும் வலிமையும் பெற்றது.

மெலிந்த பொருள் வலிமை பெற்றது எவ்வாறு? தேங்காய் நாரைச் சிக்கலாகக் குவித்து வைத்தால் கையால் பிய்த்துவிடலாம். அதே நாரை நெடுக்காக அடுக்கி முறுக்கினால் தேரை இழுக்கும் வடமாகும். நாரின் தன்மை மாறவில்லை. அதன் ஒழுங்கே மாறியது. இழுக்கப்படாத இழையில் மூலக்கூறுச் சங்கிலிகள் சுருண்டும் பின்னியும் கிடக்கின்றன. இழுக்கும்போது அவை விரிந்து, இழையின் நெடுக்கில் ஒன்றையொன்று ஒட்டி அணிவகுக்கின்றன. இழுவிசையை ஒரு சில சங்கிலிகள் தாங்காமல், எல்லாச் சங்கிலிகளும் சேர்ந்து தாங்குகின்றன. சங்கிலி நீளமாக இருத்தல், நெடுக்காக அணிவகுத்தல் ஆகிய இரண்டும் இழையின் வலிமைக்கு அடிப்படை என்பது அன்று புலனாயிற்று.

கைவிட்டதும் மீட்டதும்

ஆய்வுக்கூடத்தில் வென்ற அவ்விழை வாழ்க்கைக்கு உதவவில்லை. வெந்நீர் பட்டால் இளகியது. துணி வெளுக்கும் கரைப்பான்களில் கரைந்தது. துவைக்கவியலாத இழையால் பயன் என்ன? எஸ்டருக்கு மாற்றாக அமைடு இணைப்புகள் கொண்ட பலபடிகளையும் முயன்று பார்த்தனர்; அவை எளிதில் உருகாமல் இடர் தந்தன. கரோதர்ஸ் இழை முயற்சியை ஒதுக்கிவைத்துப் பிற அடிப்படை ஆய்வுகளுக்குத் திரும்பினார்.

ஸ்டைனுக்குப் பின் வேதியியல் துறைக்கு இயக்குநராக வந்த எல்மர் போல்டன், பயன்பாட்டில் நாட்டம் மிக்கவர். இழை ஆய்வை மீண்டும் தொடங்குமாறு 1934ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் கரோதர்ஸைத் தூண்டினார். அமைடு வழியையே கரோதர்ஸ் மறுபடியும் எடுத்தார். பட்டும் கம்பளியும் அமைடு இணைப்புகளால் ஆன புரதங்கள் அல்லவா? அவ்வாண்டு மே 24ஆம் நாள் டொனால்டு காஃப்மன் வலிய பாலியமைடு இழை ஒன்றை இழுத்தெடுத்தார். தொடர்ந்து பல்வேறு அமிலங்களையும் அமீன்களையும் இணை சேர்த்து ஆராய்ந்தனர். 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், ஜெரார்டு பெர்ஷே என்பார், கரோதர்ஸின் வழிகாட்டுதலில் அடிப்பிக் அமிலத்தையும் ஹெக்சாமெத்திலீன் டையமீனையும் இணைத்து ஒரு பாலியமைடை உருவாக்கினார். இரு பொருள்களிலும் ஆறு ஆறு கார்பன் அணுக்கள் இருந்தமையால் அது 6,6 எனக் குறிக்கப்பட்டது.

கரோதர்ஸ் வேறொரு பாலியமைடையே சிறந்ததாகக் கருதினார். போல்டனோ, 6,6 பாலியமைடுக்கான இரு மூலப்பொருள்களையும் பென்சீனிலிருந்து மலிவாகப் பெறலாம் என எண்ணி அதனையே தேர்ந்தார். அது 260 டிகிரி செல்சியசுக்கும் மேலேதான் உருகியது. வெந்நீருக்கும் துணி வெளுக்கும் கரைப்பான்களுக்கும் அசையவில்லை. இதற்குக் காரணம் அமைடு இணைப்பின் இயல்பே. ஒரு சங்கிலியில் உள்ள அமைடு தொகுதி, அடுத்த சங்கிலியின் அமைடு தொகுதியை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்கிறது. நீளமும் ஒழுங்கும் கொண்ட சங்கிலிகள் ஒன்றையொன்று பற்றியும் நின்றால் இழையின் வலிமை நிறைவெய்தும் என்பது இதனால் விளங்கிற்று.

தெரிந்து தெளிவோம்

நியூயார்க், லண்டன் ஆகிய நகரப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்து நைலான் என்னும் பெயர் உண்டாயிற்று எனப் பலரும் நம்புகின்றனர். அது உண்மையன்று. முன்மொழியப்பட்ட பல நூறு பெயர்களை ஆராய்ந்து, திருத்தி, நிறுவனத்தார் உருவாக்கிய பெயர் அது. 1938ஆம் ஆண்டில்தான் அப்பெயர் முடிவாயிற்று.

உள்ளத்தின் நோய்

ஆய்வில் உயர்ந்துகொண்டிருந்த நாள்களிலேயே கரோதர்ஸின் உள்ளம் நலிந்துகொண்டிருந்தது. இளமை முதல் வந்துபோன மனச்சோர்வு, ஆண்டுகள் செல்லச் செல்ல அடிக்கடி வந்தது. வந்தால் நெடுநாள் தங்கியது. 1934ஆம் ஆண்டில் அவர் மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற நேர்ந்தது. 1936ஆம் ஆண்டு பிப்ரவரியில் டூபான்ட் நிறுவனத்திலேயே பணியாற்றிய ஹெலன் ஸ்வீட்மனை மணந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தது. தொழில் நிறுவனத்தில் பணியாற்றிய கரிம வேதியியலறிஞர் ஒருவர் அச்சிறப்பைப் பெற்றது அதுவே முதன்முறை.

சிறப்புகள் அவரது நோயைத் தணிக்கவில்லை. உலகம் அவரைப் பேரறிஞர் எனப் போற்றிய அதே காலத்தில், தாம் எதையும் சாதிக்கவில்லை என்றும் இனிப் புதிதாகக் காணும் ஆற்றல் தமக்கு இல்லை என்றும் அவர் நம்பத் தொடங்கினார். இது பணிவன்று, நோயின் இயல்பு. மனச்சோர்வு நோய், உள்ளதை இல்லாததாகவும் தீர்வுள்ளதைத் தீர்வற்றதாகவும் காட்டும். 1936ஆம் ஆண்டு மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தார். மனச்சோர்வைத் தணிக்கும் பயனுள்ள மருந்துகள் எவையும் அந்நாளில் இல்லை; அவை 1950களில்தான் வந்தன.

அவர் பெரிதும் நேசித்த தங்கை இசபெல், வானொலியில் புகழ்பெற்ற கலைஞர். 1937ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் நிமோனியாக் காய்ச்சலால் இறந்தார். அத்துயரம் கரோதர்ஸை விட்டு நீங்கவே இல்லை. 1937ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், நாற்பத்தோராம் அகவை நிறைந்த இரண்டாம் நாளில், ஃபிலடெல்ஃபியா நகரில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஹெலன் அப்போது கருவுற்றிருந்தார். மகள் ஜேன் அவ்வாண்டு நவம்பரில் பிறந்தாள்.

காய்ச்சல் உடலுக்கு வருவதுபோல் மனச்சோர்வு உள்ளத்துக்கு வரும் நோய். அறிவின்மையாலோ கோழைத்தனத்தாலோ அது வருவதன்று. பேரறிவாளரையும் அது பற்றும் என்பதற்குக் கரோதர்ஸின் வாழ்வே சான்று. இன்று அதற்கு மருத்துவம் உண்டு. மீண்டோர் பலர் உண்டு. நம் நாட்டில் டெலி மானஸ் என்னும் அரசின் மனநல உதவிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம். துயருறும் தோழரின் சொல்லுக்குச் செவிகொடுப்பதும், அவரைத் தனியே விடாமல் பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்வதும் நம் கடமையாகும்.

காணாத வெற்றி

கரோதர்ஸ் மறைவதற்குச் சற்றேறக்குறைய மூன்று வாரங்களுக்கு முன்னரே 6,6 பாலியமைடுக்கான காப்புரிமை விண்ணப்பம் அவர் பெயரில் அளிக்கப்பட்டிருந்தது. 1938ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் நைலான் என்னும் பெயரில் அவ்விழையை நிறுவனம் உலகுக்கு அறிவித்தது. பல் துலக்கும் தூரிகைகளின் குச்சமாக அது முதலில் கடைக்கு வந்தது. அதுவரை பெண்களின் நீள் காலுறைகள் சப்பானிலிருந்து வந்த பட்டால் செய்யப்பட்டன. 1940ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் நைலான் காலுறைகள் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தபோது, மக்கள் கடைகளின்முன் நெடுவரிசையில் நின்றனர். இரண்டாம் உலகப்போரின்போது வான்குடைத் துணிக்கும் கயிறுகளுக்கும் டயரின் உள்நூலுக்கும் நைலான் பயன்பட்டது. இன்று நம் கடற்கரை மீனவர் வீசும் வலையிலும் அது இருக்கிறது. அதனைப் படைத்தவரோ நைலான் என்னும் அச்சொல்லைக் கேட்டதே இல்லை.

கரோதர்ஸின் குழுவில் 1934ஆம் ஆண்டில் சேர்ந்த இளைஞர் பால் ஃபுளோரி, அவரது தூண்டுதலால் பலபடிகளைக் கணித வழியில் ஆராயத் தொடங்கினார். பின்னாளில் 1974ஆம் ஆண்டுக்குரிய வேதியியல் நோபல் பரிசை அவர் பெற்றார். கரோதர்ஸ் ஏற்றிய விளக்கு மற்றொருவர் கையில் ஒளிர்ந்தது.

நைலான் முதல் நானோகுழாய் வரை

இழையின் வலிமைக்கு நீளம், ஒழுங்கு, பிணைப்பு ஆகிய மூன்றும் வேண்டும் என்பது கரோதர்ஸ் குழுவின் பணியால் விளங்கிய உண்மை. இம்மூன்றும் இன்றைய நானோ அறிவியலில் புதிய வடிவில் எதிர்ப்படுகின்றன.

1991ஆம் ஆண்டில் சப்பானிய அறிஞர் சுமியோ இஜிமா, மின்னணு நுண்ணோக்கியின் வழியே கார்பன் நானோகுழாய்களைக் கண்டு விளக்கினார். கார்பன் அணுக்கள் தேன்கூட்டின் அறைகளைப்போல் அறுகோணங்களாக இணைந்த தாளைச் சுருட்டினாற்போன்ற நுண்குழாய்கள் அவை. ஒற்றைச் சுவர்க் குழாயின் விட்டம் ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். அஃதாவது ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு. விறைப்பில் அது எஃகைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு; அடர்த்தியிலோ எஃகில் ஆறில் ஒரு பங்களவே.

மண்ணோடு வைக்கோலைப் பிசைந்து சுவர் எழுப்பினர் நம் முன்னோர். கான்கிரீட்டுக்குள் கம்பி வைக்கின்றனர் இன்றைய கட்டுநர். அதுபோல, நைலான் முதலிய பலபடி இழைகளுக்குள் நானோகுழாய்களைக் கலந்தால் இழை மேலும் வலுப்பெறும் என ஆய்வாளர் கருதினர். 2000ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ஆய்வாளர்கள், நானோகுழாய்களைப் பலபடிக் கரைசலின் துணையால் நெடிய இழைகளாக நூற்றுக் காட்டினர்.

கலந்தவுடன் வலிமை வந்துவிடுவதில்லை. இங்கே மூன்று இடர்கள் உள்ளன. முதலாவது, நானோகுழாய்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கட்டியாகத் திரண்டுவிடுகின்றன. அக்கட்டிகள் இழைக்கு வலுவூட்டுவதற்கு மாறாக, அது முறிவதற்குரிய இடங்களாகின்றன. எனவே கேளாஒலி அலைகளாலும் பிற வழிகளாலும் அவற்றைப் பிரித்துச் சீராகப் பரப்ப வேண்டியுள்ளது. இரண்டாவது, குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் பயன் குறையும். ஹில் இழுத்த இழையைப்போலவே, இவ்விழையையும் நூற்றபின் இழுக்கின்றனர். பலபடிச் சங்கிலிகளோடு நானோகுழாய்களும் நெடுக்கில் அணிவகுக்கின்றன.

மூன்றாவது இடரே கடினமானது. குழாயின் சுவர் வழுவழுப்பானது. சுற்றியுள்ள பலபடி அதனைப் பற்றாவிட்டால், இழை இழுபடும்போது உறையிலிருந்து வாள் நழுவுவதுபோல் குழாய் நழுவிவிடும். சுமை குழாயைச் சென்றடையாது. இதற்காகக் குழாயின் சுவரில் வேதித்தொகுதிகளை ஒட்டவைத்து, அவற்றின் வழியே பலபடியோடு பிணைக்கின்றனர். அவ்வாறு ஒட்டுவதும் அளவோடு இருத்தல் வேண்டும். மிகுந்தால் சுவரின் அமைப்பே சிதைந்து குழாயின் வலிமை குன்றும். இவ்விடர்களால்தான் தனியொரு நானோகுழாயின் முழு வலிமையும் இழைக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஆய்வு தொடர்கிறது.

சுமையைப் பகிரும் இழை

கரோதர்ஸ் வேதியியலுக்குத் தந்தது நைலான் என்னும் ஒரு பொருளை மட்டுமன்று. பெருமூலக்கூறுகளை அறிவோடு திட்டமிட்டுக் கட்டலாம் என்னும் துணிவையும், வலிமையின் காரணத்தை மூலக்கூறு அளவில் தேடும் வழியையும் அவர் தந்தார். தோல்வியுற்ற இழையைப் பழிக்காமல் அது ஏன் தோற்றது என்று வினவியதும், சங்கிலியின் வளர்ச்சி நின்ற இடத்தில் சோர்ந்துவிடாமல் காரணத்தைக் கண்டதும் மாணவர் கொள்ளத்தக்க ஆய்வுநெறிகள்.

எத்துணை உறுதியான நானோகுழாயும் பிணைப்பின்றித் தனித்திருந்தால் இழையின் சுமையைத் தாங்குவதில்லை. சுற்றியுள்ளவை அதனைப் பற்றும்போதுதான் சுமை பகிரப்படுகிறது. இவ்வுண்மை இழைக்கு மட்டும் உரியதன்று. தம் நோயின் சுமையைத் தாங்கவியலாது மறைந்த கரோதர்ஸின் வாழ்வு, சுமையுற்றோரைத் தனித்திருக்க விடலாகாது என்பதை நமக்கு உணர்த்துகிறது. அறிவில் அவர் காட்டிய வழியைத் தொடர்வோம். அன்பில் அவர் காலம் தவறவிட்டதை நாம் தவறவிடாதிருப்போம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலும் பள்ளியிலும் உள்ள இழைப் பொருள்களை இயற்கை இழை, செயற்கை இழை என வகைப்படுத்திப் பட்டியலிடுக.

2. நீளம், ஒழுங்கு, பிணைப்பு ஆகியவை இழையின் வலிமைக்குக் காரணமாவதை, கயிறு திரிக்கும் முறையோடு ஒப்பிட்டு வகுப்பறையில் விளக்கிப் பேசுக.

3. மனம் தளர்ந்திருக்கும் நண்பருக்கு ஆறுதல் கூறியும் உதவி நாடுமாறு வேண்டியும் ஒரு கடிதம் எழுதுக.